யாரும் தட்டவில்லை

“வியாழக்கிழமை காலையில் இந்தக் கதவை யாரும் தட்டவில்லை” என்றது அறை.

நல்ல குரல் அதற்கு. கோபம் தெரியாத, அவசரம் தெரியாத குரல். அருளாயி தன் கணினிப் பலகை வழியாக எத்தனை முறை கேட்டாலும் அதே பணிவோடு அதே பதில்தான் வந்தது. அவளுக்குக் கையிலிருந்த பலகையைத் தூக்கி உப்பங்கழியில் எறிந்துவிடலாம் போல இருந்தது. எறியவில்லை. அது திட்டுகளில் அறைகள் கட்டும் வாரியத்தின் பலகை, அவளும் வாரியத்தின் பொறியாளர்.

அந்தக் கதவுக்கு எதிரில்தான் அவள் தம்பி சூசை செத்துக் கிடந்தான். தொடையில் திருக்கை முள் இறங்கி, வலையை அப்படியே விட்டுவிட்டு, ஒற்றை ஆளாகப் படகைக் காக்கைத்திட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். தண்ணீர் ஓரத்திலிருந்து அறை வாசல்வரை அவன் ஊர்ந்து வந்த தடம் இருந்தது. ஆண்கள் கடலில், பெண்கள் கரைச் சந்தையில். அவன் மனைவி பிலோமிக்கு வயிறு தள்ளியிருந்ததால் அருளாயியே அவளைக் கரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

எண்ணூருக்கு வடக்கே கடல் ஏறிவந்து ஊர்களை விழுங்கிய பிறகு மிஞ்சியவை இந்தத் திட்டுகள்தான். கல்லையும் சிமெண்டையும் படகில் ஏற்றி வந்து கட்டினால் அடுத்த புயல் வாரிக்கொண்டு போகும். அதனால்தான் சொல்மணல் வந்தது. முன்னொரு காலத்தில் கணினித் திரையில் பொத்தானும் படமும் வரவழைக்க எழுதிய அதே ஜாவாஸ்கிரிப்ட் மொழியை இப்போது மணலுக்கு எழுதுகிறார்கள். திரைக்குப் பதில் தரை, அவ்வளவுதான் வித்தியாசம். முதலில் ஒரு பொருளை உருவாக்கு. அதற்கு உயரம், நிறம், பெயர் என்று பண்புகளைக் கொடு. கடைசியில் அதை ஓர் இடத்தோடு இணை. இணைக்கிறவரை அது கணினியின் நினைவில் மட்டும் இருக்கும். இணைத்த மறுநொடி மணல் எழுந்து சுவராகும், கதவாகும், கட்டிலாகும்.

இந்த வைத்திய அறையும் அப்படி எழுந்ததுதான். தட்டினால் கதவு திறக்கும், கட்டில் தாழும், கரையில் இருக்கும் மருத்துவருக்கு மணி அடிக்கும். ரத்தத்தைக் கட்டுவது, ஊசி போடுவது எல்லாம் அறையின் கைகளே செய்யும். சூசை தட்டியிருந்தால் பிழைத்திருப்பான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் விஷயம் இன்னும் மோசமாகப் போயிற்று.

“படகுல பாட்டில் இருந்துச்சும்மா” என்றார் வேதமூர்த்தி.

அவர் வாரியத்தின் மூத்த பொறியாளர். கெட்ட மனிதர் இல்லை. அருளாயி வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்காகப் பரிந்து பேசியவரே அவர்தான். கரை அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து, மின்விசிறியைத் தன் பக்கத்திலிருந்து அவள் பக்கம் திருப்பிவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

“அவன் குடிச்சி மாசக்கணக்காச்சு சார். புள்ள வரப்போவுதுன்னு விட்டுட்டான். பாட்டில்ல இருந்தது சீமெண்ணெய்.”

“சரி, குடிக்கலைன்னே வச்சுக்குவோம். மயக்கமா இருந்திருக்கும். வாசல் வரைக்கும் வந்தார், தட்டறதுக்குள்ள நினைவு போயிடுச்சு. அறை பொய் சொல்லாதும்மா. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

“அந்த அறை பெரியதிட்டு அறையோட நகல்தானே சார்? நகலெடுத்தா பண்பெல்லாம் வரும், காது வராதே.”

வேதமூர்த்தி சிரித்துவிட்டார். துக்க வீட்டுக்காரியிடம் சிரித்தது தவறென்று உடனே முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

“அது எனக்குத் தெரியாதா? நகலெடுத்த கையோட, தட்டினா கேக்கணும்ங்கறத தனியாச் சேர்க்கச் சொன்னேன். வெளிப்பக்கம் பசங்க சேர்த்தாங்க. உள்பக்கம் நானே சேர்த்தேன். விசாரணை முடியறவரைக்கும் அறையைப் பூட்டி வச்சிருக்கோம். நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க.”

அவர் பொய் சொல்லவில்லை என்பது அருளாயிக்குத் தெரிந்தது. சேர்க்கச் சொல்லியிருக்கிறார், சேர்த்தும் இருக்கிறார்கள். அப்படியானால் தம்பி தட்டவில்லை என்றுதான் ஆகிறது. ஆனால் சூசை தட்டாமல் செத்திருப்பான் என்பதை அவள் மனம் ஏற்கவே மறுத்தது. பசித்தால் பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டிச் சோறு கேட்கிற ஜென்மம் அது.

பிலோமி ஏற்றுக்கொண்டுவிட்டாள். அதுதான் அருளாயியை அதிகமாக அறுத்தது.

“தட்டியிருந்தா தொறந்திருக்கும் அண்ணி” என்றாள், அழுதழுது வறண்டுபோன குரலில். “கை எட்ற தூரத்துல கதவு. இந்தப் புள்ளைக்காக ஒரு தட்டு தட்டக்கூடாதா? அவ்ளோதான் நாங்க அவருக்கு.”

செத்தவன்மேல் அவள் கோபமாக இருந்தாள். அந்தக் கோபத்தைத்தான் வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் ஊட்டி வளர்ப்பாள் என்று அருளாயிக்குப் பட்டது. தம்பியை இனி மீட்க முடியாது. அவன் தட்டினான் என்பதையாவது மீட்டே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

வழி கிடைத்தது பெரியதிட்டில், வீராசாமி டீக்கடையில்.

இந்த உப்பங்கழியின் முதல் வைத்திய அறை அந்தத் திட்டில்தான் இருந்தது. ஒரே பொருளை இரண்டு இடத்தில் இணைக்க முடியாது. இங்கே இணைத்தால் அங்கே காணாமல் போய்விடும். அப்படி மாற்றி மாற்றி இணைத்து, இரண்டு திட்டுக்காரர்களும் படகுத் துடுப்பால் அடித்துக்கொண்ட பிறகுதான் காக்கைத்திட்டுக்கென்று நகல் எடுத்தார்கள். திறப்பு விழாவில் தலைவர் ஒருவர் கைபேசியில் விரலை வைத்தார், கதவு திறந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். கதவை யாரும் கையால் தட்டிப் பார்க்கவில்லை. விழாவில் யார் தட்டுவார்கள்?

அருளாயி டீயை வாங்கிக்கொண்டு நின்றபோது, விரலில் தூண்டில் முள் குத்திய ஒருவர் எதிரில் இருந்த அறைக் கதவைத் தட்டினார்.

“வாங்க” என்றது அறை. “வாங்க.”

“இன்னா அண்ணே, ரெண்டு வாட்டி கூப்டுது?” என்றாள் அருளாயி.

“அத ஏன் கேக்கற!” வீராசாமி பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். “உங்க திட்டுல அறை வந்ததுலேர்ந்து இதுக்கு மரியாதை கூடிப்போச்சி. போட்டிக்கு ஆள் வந்தா எல்லாம் தானா திருந்தும்ல? ஒரு தட்டு தட்னா ரெண்டு ‘வாங்க.’ டாக்டரம்மா கூட கோச்சிக்கினாங்க, ஒருத்தர் வந்தா ஏன் ரெண்டு தபா மணி அடிக்கிறீங்கன்னு. நாங்க இன்னா பண்ணுவோம்?”

அருளாயி கிளாஸைக் கடை மேசையில் வைத்துவிட்டுப் போய், அறைக் கதவைத் தானே ஒரு முறை தட்டினாள்.

“வாங்க. வாங்க.”

மடையை வெட்டிவிட்டது போல எல்லாம் புரிந்துவிட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து வீராசாமி, டீயில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்துப் பதறினார்.

அன்று மாலை பிலோமியிடம் சொன்னாள். பிலோமிக்குப் பொறியியல் தெரியாது, ஆனால் சுருக்கமாகச் சொன்னால் பிடித்துக்கொள்கிறவள்.

“நகலெடுத்தாங்களா, பெரியதிட்டு அறையோட பேரும் சேர்ந்து வந்துடுச்சி. ரெண்டு அறைக்கும் ஒரே பேரு. அப்புறம் காது சேக்கணும்னு பேரச் சொல்லித் தேடியிருக்காங்க. பேரச் சொல்லித் தேடுனா மொதல்ல எது நிக்குதோ அதுதான் கெடைக்கும். ஒரே தெருவுல ரெண்டு பேருக்கு ஒரே பேர் இருந்தா, கூப்ட்ட ஒடனே பெரியவன் திரும்புவான்ல, அதே மாதிரி. நம்ம அறைக்குப் போவ வேண்டிய காது பெரியதிட்டு அறைக்குப் போயிடுச்சி. அங்க ரெண்டு காது, இங்க ஒண்ணுமில்ல. மறுநாளு பேரு ஒண்ணா இருக்கறதப் பாத்து மாத்தியிருக்காங்க. காத யாரும் பாக்கல.”

பிலோமி நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப அவரு தட்னாரா?”

“தட்டியிருப்பான்.”

“இருப்பான்னு சொல்லாதீங்க அண்ணி. தட்னாரா, இல்லியா?”

அறையைத் தொட்டுச் சோதிக்காமல் சொல்ல முடியாது. அறையோ பூட்டிக் கிடந்தது. விசாரணை அதிகாரி வந்துதான் பூட்டைத் திறக்க வேண்டும். அதிகாரி வருவதற்குள் மழைக்காலம் வந்துவிடும். மழைக்காலம் வந்தால் படகு கிடைப்பதே பாடு, பிலோமிக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திட்டில் வேலை செய்கிற அறை ஒன்று இல்லாமல் அவளை எப்படி விட்டுவைப்பது?

அவள் வேதமூர்த்தியைக் கைபேசியில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“அப்படி இருக்க வாய்ப்பில்லை” என்றார். “ஆனா உங்க சந்தேகத்துக்காகவே நாளைக்கு அதைக் கலைச்சுட்டுப் புதுசு வச்சுடறேன். உங்க தம்பி பெண்சாதிக்கும் பாதுகாப்பு.”

“கலைச்சிட்டா அதுக்குக் காது இருந்துச்சா இல்லியான்னு அப்புறம் எப்டி சார் தெரியும்?”

“அருளாயி, உங்களுக்கு எது முக்கியம்? போனவரா, இருக்கறவங்களா?”

நியாயமான கேள்விதான். நியாயமான கேள்விகள்தான் மனிதரை இக்கட்டில் நிறுத்தும். திட்டில் இருந்ததோ ஓர் அறைக்கு மட்டுமே போதுமான சொல்மணல். பழைய அறையை வைத்துக்கொண்டால் புதியதற்கு மணலில்லை. பழையதைக் கலைத்தால் சூசை குடித்துவிட்டு வாசலில் படுத்துச் செத்தவனாகவே காலத்துக்கும் இருப்பான்.

“ரெண்டும்தான் முக்கியம்” என்றாள் அருளாயி. “என் திட்டு அறைய நானே மாத்திக்கறேன். நீங்க யாரையும் அனுப்ப வேணாம்.”

மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தாள். நகலெடுக்கவில்லை. வெறும் பொருளிலிருந்து தொடங்கினாள். அறை என்று ஒன்று, அதற்குள் கதவு என்று ஒன்று, கட்டில் என்று ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பண்பைத் தன் கையாலேயே எழுதினாள். தட்டினால் கேட்க வேண்டும் என்பதைத் தனியாகச் சேர்க்காமல், கதவின் பண்புகளில் ஒன்றாகவே எழுதிவைத்தாள். வாரியத்தில் இதைப் பழைய பாணி என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பண்பாக எழுதியது நகலெடுத்தாலும் கூடவே போகும்.

பிறகு பழைய அறையைக் கலைக்காமல் இடத்திலிருந்து மட்டும் கழற்றினாள். மணல் பொலபொலவென்று தரையில் சரிந்தது. அறை போய்விடவில்லை. பலகையின் நினைவில், இடமில்லாமல், மணலில்லாமல், பூட்டோடும் பண்புகளோடும் அப்படியே இருந்தது. யாராவது ஒரு பெயரில் பிடித்துக்கொண்டிருக்கும்வரை அப்படி இருக்கும். பிடியை விட்டால் குப்பையோடு குப்பையாகக் கூட்டித் தள்ளப்பட்டுவிடும். அருளாயி அதைப் பிடித்துக்கொள்ள வைத்த பெயர், சூசை.

சரிந்த மணலில் புதிய அறை எழுந்தது. அவள் தட்டினாள். “வாங்க” என்றது, ஒரே ஒரு முறை.

“இதையும் நான் நம்ப மாட்டேன்” என்று பிலோமி தள்ளியே நின்றாள். “அதுவும் இதே கொரல்லதான் பேசுச்சி.”

பழைய அறையைப் பிடித்துவைத்ததில் ஒரு சங்கடம் இருந்தது. பலகை ஒரு நிமிடம் அணைந்தாலும் பிடி விட்டுப்போகும். மழை மூட்டத்தில் திட்டின் சூரியத் தகடுகள் பாதி நாள் செத்துக் கிடக்கும். அருளாயி யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை, பலகை அணையக் கூடாது என்று மட்டும் சொன்னாள். அதற்குள் விஷயம் திட்டு முழுக்கப் பரவியிருந்தது. கடலுக்குப் போகாத படகுகளின் பேட்டரிகள் ஒவ்வொன்றாக அவள் வீட்டுக்கு வந்தன. சூசையோடு வலைக்காகச் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியிருந்த ஆள்கூட ஒன்றைத் தோளில் தூக்கி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் இறக்கிவைத்துவிட்டுப் போனார். வாரியத்திலிருந்து, பலகையைப் பழுதுபார்க்க ஒப்படைக்கும்படி சொன்னார்கள். பழுதில்லை என்று அருளாயி சொன்னாள். மறுபடி சொன்னார்கள். மறுபடியும் பழுதில்லை என்றாள். மழை கொட்டிய நாட்களில் பலகையைக் கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே சோறு தின்றாள். விடுவதாக இல்லை அவள்.

விசாரணை அதிகாரியான துணை ஆட்சியர் கதீஜா மழை ஓய்ந்த ஒரு முற்பகலில் பெரியதிட்டுக்கு வந்தார். குறைவாகப் பேசி நிறையக் கேட்கிறவர். கரையிலிருந்து உபரி மணல் ஒரு படகு நிறைய வந்திருந்தது. வேதமூர்த்தி வந்திருந்தார். பிலோமி, வரவேண்டாம் என்று சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படகேறி வந்திருந்தாள்.

பெரியதிட்டு அறைக்குப் பக்கத்திலேயே அருளாயி பழையதை இணைத்தாள். மணல் எழுந்தது. இரட்டைப் பிள்ளைகளைப் போல இரண்டு அறைகள் நின்றன. கதீஜா பூட்டை நீக்கினார்.

முதல் கதவை அவரே தட்டினார். “வாங்க. வாங்க.”

இரண்டாவதைத் தட்டினார். அது சும்மா நின்றது. இன்னும் பலமாகத் தட்டினார். கடற்காற்று மட்டும் அடித்தது.

“மேடம், இது இவங்க பலகையில இத்தனை நாள் இருந்திருக்கு” என்றார் வேதமூர்த்தி. குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. “துக்கத்துல மனுஷங்க என்ன வேணா செய்வாங்க. காதை இவங்களே கழட்டியிருக்கலாம்.”

“இங்க கழட்டுனா, அங்க எப்டி சார் ரெண்டாவும்?” என்றாள் அருளாயி. “பெரியதிட்டு அறைய நான் தொட்டதே இல்ல.”

“வெளிப்பக்கம் பசங்க சேர்த்தது. தப்பு நடந்திருக்கலாம், ஒத்துக்கறேன். உள்பக்கம் நானே என் கையால சேர்த்தது. அது கேட்டுச்சுன்னா, நகலெடுத்த முறையில கோளாறு இல்லைன்னு ஆகுது இல்லையா? நானே உள்ள போறேன். கதவைச் சாத்துங்க.”

அருளாயி பலகையிலிருந்து நேரடி ஆணையில் கதவைத் திறந்தாள். அவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். அவள் கதவைச் சாத்தினாள்.

முதலில் நிதானமாகத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு இரண்டு கையாலும். சொல்மணல் சுவர் கெட்டியானது, அவர் ஏதோ கூவுவது கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத்தான் வெளியே வந்தது. வீராசாமி டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

கதீஜா அருளாயியின் பலகை வழியாக அறையைக் கேட்டார். “இப்போ யாராவது கதவைத் தட்டறாங்களா?”

“இல்லை” என்றது அறை, அதே பணிவோடு. “யாரும் தட்டவில்லை.”

உள்ளே தட்டுவது நிற்கவில்லை. அருளாயியின் விரல் ஆணைக்கு மேலே நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதை மறைப்பானேன்? தம்பி எவ்வளவு நேரம் தட்டினானோ, அவ்வளவு நேரம்.

“தொறங்க அண்ணி” என்றாள் பிலோமி. “போதும். தொறந்துடுங்க.”

கதவு திறந்தது. வேதமூர்த்தி வெளியே வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கைபேசியை எடுத்து வீட்டுக்குப் பேசினார்.

“நான்தான். நம்ம தெருமுனை அறைய நம்பி இருக்காத. அப்பாவுக்கு மூச்சு முட்டினா உடனே வண்டி புடி... ஆமா, நான் வச்சதுதான். நான் வச்சதுதான்னு சொல்றேன்ல, கேளு.”

அவர் கைபேசியை வைத்ததும் கதீஜா மெதுவாகக் கேட்டார். “இது மாதிரி இன்னும் எத்தனை சார்?”

“கடற்கரை முழுக்க, மேடம்.” அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். “எல்லாமே அந்தந்த ஊர் முதல் அறையிலேர்ந்து நகலெடுத்ததுதான். எல்லாத்துக்கும் இப்படித்தான் காது சேர்த்தோம். எங்கேயும் யாரும் தட்டலைன்னுதான் கணக்கு வந்துட்டிருக்கு. ஜனங்க ஆரோக்கியமா இருக்காங்கன்னு சந்தோஷப்பட்டோம்.”

அருளாயி பலகையைத் திருப்பி, புதிதாக ஓர் அறையை எழுதத் தொடங்கினாள். நகலெடுத்தாலும் காது தொலையாத அறை. இன்றைக்கே கரைக்கு அனுப்ப வேண்டும். வேதமூர்த்தி அவள் அருகில் நகர்ந்து உட்கார்ந்து, “ஒவ்வொண்ணுக்கும் தனித்தனிப் பேர் வைங்க” என்றார். அவள் தலையாட்டினாள்.

அப்போதுதான் பிலோமி எழுந்து அந்தப் பழைய கதவின் முன்னால் போனாள். கஷ்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்தாள். ஊர்ந்து வந்தவனின் கை எட்டுகிற உயரத்தில், உள்ளங்கையால் அந்தக் கதவைத் தட்டினாள். தட்டிவிட்டு, காதை அதன்மேல் வைத்துக் கொஞ்ச நேரம் இருந்தாள். அறை ஒன்றும் சொல்லவில்லை.

“கேட்டுச்சிய்யா” என்றாள் பிலோமி. “எனக்குக் கேட்டுச்சி.”